குஷன் அக்கா உட்கார்ந்து பார்க்கிறார்

காரின் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு குஷன் அக்கா உட்கார்ந்திருக்கிறார். கைகள் இரண்டும் மடியில். கார் அவருடையது இல்லை, யாரோ ஒரு பல் டாக்டருடையது. எஞ்சின் ஓடுகிறது. இருக்கைச் சூட்டுக்கான பொத்தானில் சின்னதாக ஓர் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. வெளியே பட்டறையின் தகரக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. இந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. முதலாளியே வந்தாலும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விடுவார்.

எட்டு நிமிடம் இந்தத் தவம். அக்கா கடிகாரம் பார்ப்பதில்லை, ஆனால் எட்டுக்கு மேல் ஒன்பது ஆனதை யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வந்துவிடும். "முதுகுக்கு வருது. கீழ வரல. கீழ் பாய் செத்துருச்சு." அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்து ஒயரில் வைத்துப் பார்ப்பார். மீட்டரும் அதையேதான் சொல்லும். "உள்ளங்கைய வெச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. கையால கார் ஓட்டுவாங்க சரி, கையாலயா உக்காருவாங்க?" என்பார்.

குளிர் நாட்டுக் காரின் இருக்கைக்குள் என்ன இருக்கிறது என்று வெயிலில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேலே தோல் அல்லது துணிக் கவர். அடியில் ஸ்பாஞ்சு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்று ஒட்டியிருக்கும், அதன் மேல் நெளிநெளியாகக் கம்பி ஓடும். பட்டறையில் அதற்குப் பெயர் பாய். பொத்தானை அமுக்கினால் பாய் சூடாகும். உட்கார்ந்தவருக்கு முதுகும் தொடையும் இளகும். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் போயிற்று, முழுப் பாயும் விறைத்துவிடும். அப்போது ஊரில் இருக்கும் கம்பெனிகள் "முழு சீட்டையே மாத்திடுங்க" என்று சொல்லும். அதைக் கேட்டு முகம் தொங்கிப்போனவர்கள்தான் குஷன் அக்காவைத் தேடி வருகிறார்கள்.

ஐம்பத்தொரு வயது. குள்ளம். சின்னக் கைகள், அதில் பெரிய விரல் நுனிகள். தொளதொள நீலக் கோட்டின் இடது பையில் ஒரு வளைந்த மூக்கு பிளையர், வலது பையில் வறுத்த கடலை. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், இருக்கையின் பக்கவாட்டில், மோதினால் விரிகிற காற்றுப்பை ஒளிந்திருப்பதால். அதில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியாமல் கை வைத்தால் மூஞ்சியில் வெடிக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் கடலை. பக்கத்து வரிசையில் வேலை செய்யும் எஞ்சின் மெக்கானிக், "அக்கா இருக்கறதே கடலைக்காகத்தான், வேலை சும்மா சாக்கு" என்பார். அக்கா இரண்டு கடலையை அவர் மேல் எறிவார். ஒன்றையாவது அவர் வாயால் பிடித்துவிடுவார்.

பிறகு நான்கு போல்ட், காற்றுப்பையின் மஞ்சள் ஒயர், மற்ற ஒயர்கள் கழலும். இருக்கை வெளியே வந்து மேசை மேல் கவிழும். கவரை ஸ்பாஞ்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். ஒரு இருக்கைக்கு நாற்பது வளையம் இருக்கும். வெட்டியதை எண்ணி ஒரு டப்பாவில் போடுவார், ஒன்று குறைந்தாலும் தேடுவார். "உள்ள விட்டுட்டா யாரையாவது குத்தும். குத்தினா என்னத்தான் நெனப்பாங்க" என்பது கணக்கு. இருக்கைக்கு அடியில் கிடைக்கும் ஹேர்ப்பின், பேனா மூடி, ஒற்றைத் தோடு, உலர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிடுவார். பிஸ்கட்டைக்கூட எறிய மாட்டார். அடுத்தவர் பொருளாம்.

இருக்கை மேல் இருக்கும் இந்தப் பாசம் பட்டறையோடு நிற்பதில்லை. போகிற இடத்திலெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒருமுறை சோபாவின் அடித்துணியைத் தூக்கிப் பார்த்து, காவலாளி ஓடிவந்து விசாரிக்கும்படி ஆகிவிட்டது. "என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போன வீட்டுல, பையன் எப்படின்னு கேட்டா, டைனிங் சேர்ல தையல் சரியில்லைன்னு சொன்னா" என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்வார். அவர் நூலகத்தில் புத்தகம் ஒட்டுகிற வேலையில் இருப்பவர். அவர் மட்டும் என்ன யோக்கியம், யார் வீட்டுக்குப் போனாலும் புத்தகத்தின் முதுகைத்தான் தடவிப் பார்ப்பார் என்று அக்கா திருப்பிக் கொடுப்பார்.

அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. ஸ்பாஞ்சைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். கவரை உரித்ததும் அமுங்கிய இடத்தை விரலால் தடவுவார். "இவர் இடது பக்கமா சாஞ்சு உக்கார்றவர். வலது பாக்கெட்டுல பர்ஸ் பெருசு." "இந்தம்மாவுக்குக் கால் எட்டல, நுனியில உக்காந்து ஓட்டுறாங்க, முதுகு வலிக்குமே." வண்டிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்து, "இவ சீட்டைப் பாத்து இவ என்ன நெனைக்கிறான்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மெக்கானிக் இதற்கு ஜோசியம் என்று பெயர் வைத்தார். அக்கா கோபித்துக்கொள்வதுபோல் காட்டுவார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். இருபத்தாறு வருடத்தில் அந்த ஜோசியம் பொய்த்ததில்லை. இந்தக் குளிர்காலத்தில்தான் பொய்த்தது.

அது மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கார். பழைய சாம்பல் நிறக் கார். ஓட்டுநர் இருக்கை நன்றாக இருந்தது, பக்கத்து இருக்கைதான் சூடாகவில்லை. அவள் சுற்றி வளைக்கவில்லை. நேராகவே சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அஞ்சு மாசம் ஆகுது. வாரத்துல ரெண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். போக நாப்பது நிமிஷம். சீட்டு ஜில்லுன்னு இருந்தா இடது கால் பலகையாயிடுது. அங்க போயி அதை இளக்கறதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. இந்த முதல் வருஷத்துல எது திரும்பி வருதோ அதுதான்னு டாக்டர் சொல்றார்."

"வர்றாரா? சில பேரு வரமாட்டேம்பாங்களே."

"வந்துட்டிருக்கார். சீட்டு சூட்டுக்காகத்தான் வர்றேன்னு சொல்லுவார். வீட்டுல இருக்கற எந்த நாற்காலியும் இப்படி இல்லையாம்."

இருக்கைக்கு இப்படியொரு ரசிகர் என்றதும் அக்காவுக்கு அந்தப் பெரியவரைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. கவரை உரித்தார். கதவோரமாக, முன் மூலையில், கம்பி அறுந்து துணியில் பழுப்பாக ஒரு பொட்டு கருகியிருந்தது. புதுப் பாய் ஒட்டினார். எட்டு நிமிடம் உட்கார்ந்தார். "வெதுவெதுன்னு இருக்கு. அப்பாவை நல்லா சாஞ்சு உக்காரச் சொல்லுங்க" என்று அனுப்பினார்.

மூன்று வாரத்தில் கார் திரும்பி வந்தது. அதே மூலை, அதே இடம், ஒரு விரற்கடை கூடத் தள்ளிப் போகவில்லை. அக்கா ஸ்பாஞ்சைத் தடவினார். ஒரு சின்னக் குழி. உட்கார்ந்ததால் வந்த பள்ளம் இல்லை, எதையோ ஊன்றி அமுக்கியதால் வந்தது. ஒரு கடலையை மென்றபடி யோசித்தார். பட்டென்று விளங்கிவிட்டது.

"அப்பா தடி வெச்சிருக்காரா?"

"ஆமா."

"அதைத்தான் சீட்டு மூலையில ஊனி ஏறுறார். பாய் எத்தனை நாள் தாங்கும்? தடியைத் தரையில வைக்கச் சொல்லுங்க. பக்குவமா சொல்லுங்க."

அவள் வியந்துபோய்த் தலையாட்டினாள். அக்கா பாயை மாற்றினார். மெக்கானிக் அந்தப் பக்கமிருந்து, "ஜோசியம் பலிச்சுதா?" என்று கேட்டார். "எப்போ பலிக்கல?" என்றார் அக்கா.

அடுத்த இரண்டாவது வாரமே கார் மூன்றாம் முறையாக வந்து நின்றது. இம்முறை அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அக்கா போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"மறுபடியும் போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா. ஆனா அதுக்காக நான் வரல. இனிமே சரி பண்ணி என்ன ஆகப்போகுதுன்னுதான் தெரியல." ஸ்டியரிங்கைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. "நீங்க தடியைப் பத்திச் சொன்னீங்கல்ல. நான் போயி சொன்னேன். பக்குவமாத்தான் சொன்னேன். அன்னைக்கே தடியைத் தூக்கி ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி போட்டுட்டார். சுவத்தைப் பிடிச்சுட்டே கார் வரைக்கும் வந்தார். ரெண்டு தடவை அப்படி வந்தார். அப்புறம் பாத்தா சீட்டு மறுபடியும் சூடாகல. 'தடி இல்லாமலே உடைச்சுட்டேன், எம் ஒடம்பு பட்டாலே உடையுது போல, விட்டுரு'ன்னுட்டார். ரெண்டு பயிற்சி போச்சு. ஜன்னல் பக்கத்துல உக்காந்துட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார்."

அக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். தடி இல்லாமலே உடைந்திருக்கிறது. அப்படியென்றால் தடி உடைக்கவில்லை. பார்க்காத ஒரு மனிதரின் மேல், அதுவும் நிற்கத் தடுமாறுகிற மனிதரின் மேல், ஒரு ஸ்பாஞ்சுக் குழியை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டியாயிற்று. அவர் அதை நம்பி ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டார். சுவரைப் பிடித்து நடந்தபோது விழுந்து தொலைத்திருந்தால்? அந்த நினைப்பே அக்காவின் காதில் சூடாக ஏறியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்றைக்கு அவர் கடலை தின்னவில்லை. கால் மணி நேரம் போனட்டைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது பாயை ஒட்டி, வளையங்களைப் பூட்டி, இருக்கையை ஏற்றினார். ஜோசியம் பற்றி மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை, இடுக்கியைத் தேடுகிறவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கைப்பையில் தன் சாமான்களை எடுத்துப் போட்டுக்கொண்டு காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கக்கா வர்றீங்க?" என்றாள் பெண்.

"உங்க வீட்டுக்கு. வண்டியை எடுங்க."

வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். வாசலில் ஈரக் கால்மிதி, ஷூ ஸ்டாண்டு, அதற்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு தடி. அக்கா முதலில் அதைத்தான் பார்த்தார். உள்ளே ஜன்னலோரத்தில், கம்பளிக்குள் ஒரு பெரிய உருவம். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். அகலத் தோள்கள், அதில் இடது தோள் மட்டும் இறங்கியிருந்தது. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"சீட்டு டாக்டரா?" வாய் ஒரு பக்கமாகத்தான் வந்தது. ஆனாலும் குரல் தெளிவு.

"ஆமாங்க ஐயா. தப்பா வைத்தியம் பாத்த டாக்டர்." அக்கா உட்காரவில்லை. "உங்க தடி மேல பழி போட்டது நான்தான். நேர்ல பாக்காமலே சொல்லிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

பெரியவர் அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் ஒருத்தி பையோடு வந்து நிற்கிறாள் என்பது அவர் மண்டையில் இறங்க நேரமானது.

"தடிக்கு வாயில்ல. அதான் தப்பிச்சீங்க" என்றார். பிறகு, "உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும்."

அக்கா ஆடும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையைக் கீழே விட்டு எந்தக் கால் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டார்.

"கிரேன் மேல எங்களுக்கும் ஒரு சீட்டு உண்டு" என்றார் பெரியவர். "நூத்திருபது அடி உசரத்துல. ஸ்பிரிங் ஒண்ணு வெளிய வந்து பதினோரு வருஷம் என்னைக் குத்துச்சு. எழுதி எழுதிக் கொடுத்தேன். கடைசியில மாத்தினாங்க."

"எப்போ?"

"நான் ரிட்டயரான மறு வாரம்."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்த சூட்டோடு விஷயத்துக்கு வந்தார். "ஐயா, இப்ப வந்து ஒரு தடவை கார்ல ஏறிக் காட்டணும்."

"நான் ஏறினா உடையும்."

"உடையட்டும். எங்கிட்ட இன்னும் நாலு பாய் இருக்கு. எப்படி உடையுதுன்னு நான் என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்காக இல்ல, எனக்காக வாங்க."

அவருக்காக என்றிருந்தால் அந்த மனிதர் நகர்ந்திருக்க மாட்டார். இன்னொருவருக்கு உதவி என்றதும் நாற்காலியின் கையைப் பிடித்தார். அக்கா ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து தடியை எடுத்து, தன் கோட்டுக் கையால் தூசியைத் துடைத்து, அவர் நல்ல கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கித் தரையில் ஊன்றிக்கொண்டார்.

மாலை மூன்று மணி வெளிச்சத்தில் கார் நின்றிருந்தது. அவர் வாசலிலிருந்து அதுவரை நடக்க நாலு நிமிடம் ஆயிற்று. மகள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், இருவருமே தொடவில்லை. கதவைத் திறந்ததும் அவர் முதுகைக் காட்டித் திரும்பினார். தடி தரையில்தான் இருந்தது. இடுப்பை இறக்கி உட்கார்ந்தார். இடது காலை வலது கையால் கால்சட்டையோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தார். கச்சிதமான வேலை. இருக்கையின் மூலையை அவர் தொடவே இல்லை. அக்கா கதவோரமாகக் குந்தியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் நகருங்கக்கா" என்றாள் மகள்.

அக்கா நகர்ந்தார். மகள் பெல்ட்டை இழுத்தாள், இடது முட்டியை இருக்கையின் ஓரத்தில் ஊன்றினாள், அப்பாவுக்கு மேலாக அந்தப் பக்கம் எக்கிக் கொக்கியில் மாட்டினாள், அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்தாள், இறங்கினாள். எல்லாம் மூன்று நொடி. தினமும் செய்கிற கை, செய்ததே தெரியவில்லை.

"இரும்மா" என்றார் அக்கா. "இப்ப என்ன பண்ணினீங்க?"

"பெல்ட் போட்டேன்."

"எப்படிப் போட்டீங்க?"

"எப்பவும் போடற மாதிரிதான்."

"கழட்டிட்டு இன்னொரு தடவை போடுங்க."

மகள் கழற்றினாள். மறுபடியும் இழுத்தாள், முட்டியை ஊன்றினாள், எக்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். மெல்லக் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். கதவோரம், முன் மூலை. முழு உடம்பின் கனமும் அந்த ஒரு முட்டி வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நானா?" என்றாள். "இவ்வளவு நாளா நான்தானா? அப்பா, நான் உங்களைப் போயி..."

பெரியவரின் வலது தோள் குலுங்கியது. என்னவோ ஏதோ என்று அக்கா பயந்துவிட்டார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாயால், சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "தடி நிரபராதி" என்றார். "மொதல்ல அதுகிட்ட மன்னிப்பு கேளு." மகளும் அழுகையும் சிரிப்புமாக அவர் மேலேயே சாய்ந்துவிட்டாள். முட்டி மட்டும் இன்னும் அங்கேயேதான் இருந்தது. "மொதல்ல முட்டியை எடும்மா, மூணாவது பாய்" என்றார் அக்கா.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் கண்டுபிடித்ததால் பெல்ட் தானாக மாட்டிக்கொண்டுவிடாது. மகள் முட்டி போடாமல் நின்றபடி குனிந்து பார்த்தாள், கை எட்டவில்லை. ஓட்டுநர் பக்கம் போய் அங்கிருந்து இழுத்துப் பார்த்தாள், பெல்ட் அவர் கழுத்தை அறுத்தது. சரி, பாய் போனால் போகட்டும் என்று அலுத்துப்போய்ச் சொன்னாள். அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

"நான் போட்டுக்குவேன்னு சொன்னேன்" என்றார் பெரியவர் யாரையும் பார்க்காமல். "மொத வாரமே சொன்னேன்."

"அப்பா, ஒத்தக் கையில உங்களால..."

"இழுக்க வருது. மாட்டத்தான் வரல. அந்தக் கொக்கி நிக்கமாட்டேங்குது, கைய வெச்சா பொத்துனு படுத்துக்குது. அதைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வேணும்." தன் இடது கையைக் கண்ணால் காட்டினார். "அந்தக் கை லீவுல இருக்கு."

அக்கா எதிர்ப் பக்கமாகப் போய் உள்ளே குனிந்தார். உண்மைதான். பெல்ட் மாட்டும் கொக்கி ஒரு தளர்ந்த பட்டையின் நுனியில் இருந்தது. இருக்கைக்கும் கியர் இருக்கும் நடுப் பெட்டிக்கும் இடையிலிருக்கும் சந்தில் சோம்பேறித்தனமாகச் சாய்ந்து கிடந்தது. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு இருக்கையைக் கழற்றும்போதும் அதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறார். பெல்ட் வேறு ஆள் வேலை என்பது அவர் எண்ணம். விரலை வைத்து உயரம் அளந்தார். சந்தின் அகலம் அளந்தார். "கொஞ்சம் இருங்க ஐயா, சீட்டு சூட்டைப் போட்டு உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பையோடு வீட்டுக்குள் போனார்.

சமையலறை மேசையில் பையைக் கொட்டினார். தடித்த கம்பளி அட்டை ஒரு துண்டு, யாரோ ஒருவர் காரில் மிஞ்சிய பழுப்புத் தோல் ஒரு துண்டு, வளைந்த ஊசி, மெழுகு நூல். அட்டையை மூன்று மடிப்பாக மடித்துக் கொக்கியின் பட்டைக்கு ஒரு விறைப்பான உறை வெட்டினார். தோலைச் சுற்றித் தைத்தார். முதல் உறை இறுக்கம், இரண்டாவது தளர்வு. ஒவ்வொரு முறையும் காருக்கு ஓடிப் போட்டுப் பார்த்தார். பெரியவர் உள்ளே உட்கார்ந்தபடி மேற்பார்வை செய்தார். "இன்னும் கொஞ்சம் உசரம். என் பக்கமா லேசா சாயட்டும். ஆங், சாமான் இறக்கறப்ப நாங்க இப்படித்தான் சொல்லுவோம், லேசான்னா லேசா." மகள் இடையில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அக்கா குடிக்க மறந்துபோனார்.

மூன்றாவது உறை பொருந்தியது. சாம்பல் நிற இருக்கைக்குப் பக்கத்தில் பழுப்புத் தோல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொக்கி விழவில்லை. தட்டிப் பார்த்தார், விழவில்லை. வாய் மேலே பார்க்க நிமிர்ந்து நின்றது.

"போடுங்க ஐயா."

பெரியவர் வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்க் கதவோரம் இருந்த பெல்ட்டைப் பிடித்தார். இழுத்தார். பாதியில் பெல்ட் இறுகி நின்றது. விட்டு மறுபடி இழுத்தார், இம்முறை மெதுவாக. பெல்ட்டின் நாக்குத் தகடு மடிக்கு வந்தது. கொக்கியின் மேல் வைத்து அழுத்தினார், வழுக்கி விலகியது. மகளின் கை தானாக எழுந்தது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவர் இன்னொரு முறை வைத்தார். தகடு திரும்பியிருந்தது, உள்ளே போகவில்லை. மகள் கையை இழுத்தாள். "விடுங்கக்கா, பாவம்" என்று கிசுகிசுத்தாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார், பிடியை விடவில்லை. பெரியவர் மூச்சை இழுத்துவிட்டு, உயரத்தில் உட்கார்ந்து எத்தனையோ இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் கச்சிதமாக இறக்கிய அந்தக் கையால், தகட்டைக் கட்டை விரலில் திருப்பினார். கொக்கியின் வாயைத் தடவிக் கண்டுபிடித்தார். அழுத்தினார்.

டக் என்றது.

அவர் நிமிர்ந்து இவர்களைப் பார்க்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கழற்றினார். முதலிலிருந்து இழுத்தார், திருப்பினார், மறுபடியும் மாட்டினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே நேராகச் சாலையைப் பார்த்தபடி, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்று மகளைக் கேட்டார்.

அப்போதுதான் குஷன் அக்கா அவள் மணிக்கட்டை விட்டார்.